பொறியியல் கலந்தாய்வு: பட்டியலின் அடியில் ஒரு பாதுகாப்புக் கல்லூரி வேண்டுமா?

பிளஸ் 2 முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில், பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் எழுதும் ஜூலை மாதம் முழுக்க ஒரே கேள்விதான். "பிடித்த பதினைந்து கல்லூரிகளை எழுதிவிட்டோம். அதற்குக் கீழே, நிச்சயம் கிடைக்கும் என்று தெரிந்த ஒன்றிரண்டையும் போட்டுவைக்கலாமா? போட்டால் அதையே நம் தலையில் கட்டிவிட மாட்டார்களா?" இதே கேள்வி மே மாதத்தில் வேறு உருவத்தில் வரும். "நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் தருகிறார்கள். ஒரு வாரத்துக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டிவிடலாமா?"

இரண்டு வீட்டாரும் தேடுவது பாதுகாப்பைத்தான். ஆனால் எதிலிருந்து பாதுகாப்பு என்பதை யோசிப்பவர்கள் குறைவு. ரேங்க் வரிசைப்படி பல சுற்றுகளாக அரசு இடம் ஒதுக்கும் தமிழ்நாட்டின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் 400-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. எல்லாச் சுற்றும் முடிந்த பிறகும் ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்கள் நிரம்பாமல் கிடக்கின்றன. தகுதியுள்ள பிள்ளைக்கு ஏதோ ஓர் இடம் கிடைத்தே தீரும். போக விருப்பமில்லாத கல்லூரியில் நான்கு ஆண்டுகள் மாட்டிக்கொள்வதுதான் உண்மையான ஆபத்து. அந்த ஆபத்திலிருந்து காப்பாற்றாத எதையும் பாதுகாப்பு என்று நான் ஏற்க மாட்டேன்.

## எதைக் கொண்டு அளப்பது

முதலில் மனம். அந்தக் கல்லூரி, அந்தப் பிரிவு மட்டுமே கிடைத்தால் முதல் நாள் வகுப்பில் போய் உட்காருவாயா என்று பிள்ளையிடமே கேளுங்கள். "பார்க்கலாம்" என்று பதில் வந்தால் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பணம். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். பஸ், விடுதி, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து நான்கு ஆண்டுகளுக்குக் கூட்ட வேண்டும். இடத்தை விட்டுவிட்டால் எவ்வளவு திரும்பும் என்பதும் இதில் அடங்கும்.

மூன்றாவது உறுதி. இங்கே பலர் சறுக்குகிறார்கள். சென்ற ஆண்டு கட்-ஆஃப் மதிப்பெண்ணை, அதாவது அந்தக் கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவர் 200-க்கு எடுத்த மதிப்பெண்ணை, வைத்துக்கொண்டு "நமக்கு இரண்டு மதிப்பெண் கூடவே இருக்கிறது" என்று நிம்மதி அடைகிறார்கள். மதிப்பெண்ணின் எடை ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-இல் 200-க்கு 200 வாங்கியவர்கள் 65 பேர். 2025-இல் 144 பேர். உச்சியிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், அதே 172 மதிப்பெண் இரண்டு ஆண்டுகளில் ஒரே ரேங்க்கைத் தராது. ஆகவே ரேங்க்கை ரேங்க்கோடு ஒப்பிடுங்கள். பொது ரேங்க்கோடு வகுப்புவாரி ரேங்க்கையும், அதாவது உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்குள் உள்ள வரிசையையும், பாருங்கள். மூன்று ஆண்டு விவரம் எடுத்து, அவற்றில் எந்த ஆண்டில் இடங்கள் மிக முன்னதான ரேங்க்கிலேயே தீர்ந்தனவோ அதையே அளவாகக் கொள்ளுங்கள்.

நான்காவது, வேறு கதவுகளை மூடுகிறதா என்பது. மாற்றுச் சான்றிதழ் யார் கையில் இருக்கிறது, எந்தத் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும், எந்தச் சலுகை கைநழுவும் என்பவை எல்லாம் இதன் கீழ் வரும்.

## பட்டியலைக் கணினி எப்படிப் படிக்கிறது

இது தெரியாததால்தான் பாதி பயம். ஒவ்வொரு சுற்றிலும் கணினி ரேங்க் வரிசைப்படி மாணவர்களை எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, பொதுப் பிரிவிலோ உங்கள் வகுப்புப் பிரிவிலோ இடம் இருக்கும் முதல் வரியில் நிறுத்துகிறது. ஆகவே இருபதாவது வரியில் நீங்கள் எழுதும் கல்லூரி, மூன்றாவது வரியில் இருப்பது கிடைக்கும் வாய்ப்பை அணுவளவும் குறைக்காது. "பாதுகாப்புக் கல்லூரியை எழுதினால் அதையே கொடுத்துவிடுவார்கள்" என்பது வீண் பயம். மேலே உள்ள எதுவும் கிடைக்காதபோதுதான் அது வரும்.

ஆபத்து வரிசையில்தான் இருக்கிறது. நிச்சயம் கிடைக்கும் கல்லூரியை நடுவில் வைத்துவிட்டு, அதைவிடப் பிடித்ததை அதற்குக் கீழே எழுதினால், கீழே இருப்பதைக் கணினி பார்க்கவே பார்க்காது. பிரவுசிங் சென்டரில் கடைசி நாள் மாலை, முன்னால் வந்துபோன மாணவரின் பட்டியலை அப்படியே நகலெடுத்துப் பதிவு செய்யும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வேறொரு பிள்ளையின் ஆசை வரிசை உங்கள் பிள்ளையின் நான்கு ஆண்டுகளைத் தீர்மானிக்க விடாதீர்கள்.

## வழி ஒன்று: பாதுகாப்பே இல்லாத குறும்பட்டியல்

பிடித்த பத்துப் பன்னிரண்டை மட்டும் எழுதுவது. கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அடுத்த சுற்று.

இதன் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. உங்கள் சுற்றுக்குள் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஓர் உதாரணத்துக்கு, முதல் சுற்று 179 மதிப்பெண் வரை, இரண்டாம் சுற்று 142 வரை என்று வைத்துக்கொள்வோம். 172 எடுத்த மாணவி இரண்டாம் சுற்றில் குறும்பட்டியல் போட்டு எதுவும் கிடைக்காமல் போனால், அவருக்குப் பின்னால் 142 வரை நிற்கும் அத்தனை பேரும் நல்ல இடங்களை எடுத்து முடித்த பிறகே மூன்றாம் சுற்றுக்கு வருவார். அங்கே அவர்தான் முன்வரிசை என்றாலும், எடுக்கத் தட்டில் அதிகம் இருக்காது. அதுவே 143 எடுத்தவர் இரண்டாம் சுற்றில் வெறுங்கையோடு நின்றால், அவருக்கும் சுற்றின் கடைசி ஆளுக்கும் இடையே போன சில இடங்களைத்தான் இழக்கிறார். மூன்றாம் சுற்றில் எல்லோருக்கும் முன்னால் நிற்பார்.

ஆகவே சுற்றின் வால்பகுதியில் இருப்பவர்கள், அடுத்த சுற்று இன்னும் மீதம் இருக்கும்போது, குறும்பட்டியல் போட்டால் பெரிய நட்டமில்லை. சுற்றின் தலைப்பகுதியிலோ நடுவிலோ இருப்பவர்களுக்கு இது சூதாட்டம். கடைசிச் சுற்றில் இருப்பவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன். அதற்குப் பிறகு இருப்பது, மீந்த இடங்களுக்கான துணைக் கலந்தாய்வு மட்டுமே.

இந்த வழி நியாயமாகும் இடம் இன்னொன்றும் உண்டு. பொறியியலே இரண்டாம் விருப்பமாக இருந்து, வேறு படிப்பில் உறுதியான இடம் ஏற்கெனவே கையில் இருந்தால், பிடித்த கல்லூரி கிடைத்தால் மட்டுமே பொறியியல் என்று நிற்கலாம்.

## வழி இரண்டு: பட்டியலுக்குள்ளேயே பாதுகாப்பு

என் பரிந்துரை பெரும்பாலானவர்களுக்கு இதுதான். விருப்பங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. கூடுதலாக எழுதக் கட்டணமும் இல்லை. ஆனால் "செலவில்லையே" என்று நூறு வரி எழுதி நிரப்புவது வேறு, பாதுகாப்புக் கல்லூரியைத் தேர்ந்து எழுதுவது வேறு. பெயரை மட்டும் கேள்விப்பட்டு எழுதிய எண்பதாவது வரி கிடைத்துவிட்டால், இரண்டு நாளுக்குள் அதை ஏற்பதா விடுவதா என்று வீடே அல்லாடும்.

கோவில்பட்டிப் பக்கத்து மாணவி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்கில் 86, இயற்பியலில் 84, வேதியியலில் 88. இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்கிக் கணக்கோடு கூட்டினால் 172. ஆசை மின்னணுவியல் தொடர்பியல். பட்டியலின் மேல்பகுதியில் மதுரை, கோவைக் கல்லூரிகள். அதில் நாம் கை வைக்க வேண்டாம். அடிப்பகுதிக்கு எதைத் தேடுவது?

நான் முதலில் பார்க்கச் சொல்வது அரசுப் பொறியியல் கல்லூரிகளையும் அண்ணா பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் உறுப்புக் கல்லூரிகளையும். தூத்துக்குடி, நாகர்கோவில், ராமநாதபுரம், திண்டுக்கல், பட்டுக்கோட்டை, அரியலூர், பண்ருட்டி, விழுப்புரம், ஆரணி என்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இவற்றை நகரத்துப் பெற்றோர் கண்டுகொள்வதே இல்லை. கட்டணம் குறைவு. ஒரு மாணவருக்கு நான்கு ஆண்டுகளில் மிஞ்சும் தொகை சின்னத் தொகையல்ல. நம் மாணவிக்குத் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். விடுதிச் செலவைக்கூடத் தவிர்க்க முடியும்.

அடுத்து, பாதுகாப்பை எந்தப் பக்கம் தேடுவது? பிரிவை விட்டுக்கொடுத்து நல்ல கல்லூரியைப் பிடிப்பதா, கல்லூரியை விட்டுக்கொடுத்து விரும்பிய பிரிவைப் பிடிப்பதா? ஒரே கல்லூரியில் கணினி அறிவியலும் சிவிலும் பல்லாயிரம் ரேங்க் இடைவெளியில் முடிவதுண்டு. அதனால் பிரிவை மாற்றினால் பாதுகாப்பு எளிதில் கிடைக்கும். கணக்கும் இயற்பியலும் பிடித்த பிள்ளைக்கு மெக்கானிக்கலோ எலெக்ட்ரிக்கலோ நல்ல கல்லூரியில் கிடைப்பது நல்ல பாதுகாப்பு என்றே நினைக்கிறேன். நிரல் எழுதுவதைத் தவிர வேறெதிலும் மனம் போகாத பிள்ளையை "பெரிய கல்லூரியாயிற்றே" என்று சிவிலில் தள்ளுவது கொடுமை. அப்படிப்பட்ட பிள்ளைக்கு நடுத்தரக் கல்லூரியில் கணினி அறிவியலே சரி.

தனியார் கல்லூரியைப் பாதுகாப்பாக எழுதுவதென்றால் ஒரு முறையாவது நேரில் போய்ப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவவாரியாக வெளியிடுகிறது. அதை முதலில் பார்த்துவிட்டுப் போங்கள். ஆசிரியர் பட்டியலை மட்டும் நம்பிவிட முடியாது. ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகள் தங்கள் முழுநேர ஆசிரியராகக் காட்டியிருந்ததை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலப்படுத்தியது. அதில் சிக்கிய கல்லூரிகள் 200-க்கும் மேல். வரவேற்பறையில் தரும் வண்ணக் கையேட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாலை பஸ் நிற்கும் இடத்துக்குப் போங்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்தப் பருவத்தில் கணக்குப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள்? ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர் நிற்கிறீர்கள்? வேலை கிடைத்தது என்று பேனரில் இருக்கும் அண்ணன்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? இந்த மூன்று கேள்விக்கு வரும் பதிலும், பதிலுக்கு முன் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ளும் விதமும் போதும். கல்லூரியை எழுதலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் பஸ் கட்டணமும், சில இடங்களில் பயிற்சிக் கட்டணம் என்ற பெயரில் வாங்கும் தொகையும்தான். சுயநிதிக் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2017-இல் கட்டண நிர்ணயக் குழு விதித்த கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாய். தர அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 55,000. சேரும் ஆண்டில் நடைமுறையில் உள்ள தொகையைச் சரிபார்த்து, கல்லூரி கேட்கும் மொத்தத்தை அதோடு ஒப்பிடுங்கள். இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று தலைப்புவாரியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

## வழி மூன்று: வெளியே முன்பணம் கட்டிப் பிடித்துவைக்கும் இடம்

நிகர்நிலைப் பல்கலைக்கழக இடம், அல்லது சுயநிதிக் கல்லூரியின் மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் இடம். சிறுபான்மை அந்தஸ்து இல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காட்டையும் கலந்தாய்வுக்குத் தருகின்றன. மீதம் நிர்வாகத்தின் கையில். பயம் அதிகம் இருக்கும் வீடுகள் ஓடுவது இங்கேதான். விலையும் இங்கேதான் அதிகம்.

முதல் விலை சலுகைகள். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியே சேர்பவர்களுக்குத்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அதுவும் கலந்தாய்வு வழியேதான். பட்டியல் இன மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்குப் பொருந்தாது. குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு மே மாதத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் "பாதுகாப்பாக" இடம் வாங்கி, அங்கேயே சேர்த்துவிட்டால், நான்கு ஆண்டுச் சலுகையைக் கொடுத்து இரண்டு மாத நிம்மதியை வாங்கியதாக ஆகும். இதை யாரும் அந்த வீட்டுக்கு எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

இரண்டாவது விலை முன்பணம். விட்டுவிட்டால் திரும்பி வருமா? சட்டப்படி வர வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-இல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கைக்கான கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கும் மேலோ இருக்கும்போது விலகினால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். அதில் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டுமே நடைமுறைச் செலவாகக் கழிக்கலாம். அதற்குப் பிறகு 90, 80, 50 விழுக்காடு என்று குறைந்து, கடைசித் தேதி கடந்து முப்பது நாளைத் தாண்டிவிட்டால் ஒன்றும் கிடைக்காது. சில ஆண்டுகளில் இதைவிடச் சாதகமான தேதிகளையும் யுஜிசி அறிவிக்கிறது. 2024-25-க்கு செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத் தொகை என்று சொன்னது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்பதும் அதே 2018 அறிவிப்பில் இருக்கிறது.

நடைமுறையில் அலைச்சல் உண்டு. ஆகவே பணம் கட்டும் முன்பே, திரும்பப் பெறும் விதியும் கடைசித் தேதியும் எழுத்தில் இருக்கும் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத தொகை ஒரு ரூபாய்கூட வேண்டாம். விதிகளும் புகார் மனுக்களும் ரசீது உள்ள பணத்தைத்தான் மீட்டுத் தரும். அசல் மாற்றுச் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வர வேண்டாம்.

எப்போது இது சரி? அந்தக் கட்டணத்தைக் கடன் வாங்காமல் நான்கு ஆண்டும் கட்ட முடிந்து, கலந்தாய்வில் எதிர்பார்க்கும் கல்லூரிகளைவிட அந்த இடம் உண்மையிலேயே மேலானது என்று விசாரித்து அறிந்திருந்தால் சரி. அப்போது அதுவே உங்கள் முதல் விருப்பம் ஆகிவிடுகிறது. நகையை அடகுவைத்துக் கட்டும் முன்பணம் எந்தக் கணக்கிலும் பாதுகாப்பு ஆகாது.

## வழி நான்கு: கலை அறிவியல் கல்லூரியில் ஓர் இடம்

இதைச் சிறுமையாக நினைக்கும் வீடுகள் அதிகம். எனக்கு அந்த எண்ணமே பிடிக்காது. அரசுக் கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமோ இயற்பியலோ கணினி அறிவியலோ மிகக் குறைந்த கட்டணத்தில் மூன்றே ஆண்டு. பொறியியல் கலந்தாய்வுக்கு முன்பே சேர்க்கை முடிந்துவிடுவதால் இடம் கையில் இருக்கும் தெம்போடு விருப்பப் பட்டியல் எழுதலாம். சிக்கல் ஒன்றுதான். மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துச் சேர்ந்திருப்பீர்கள். கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தால் குறுகிய அவகாசத்தில் அதைத் திரும்ப வாங்க வேண்டும். முதல்வர் அலுவலகத்துக்கு நேரில் போய் விண்ணப்பம் கொடுக்கத் தயாராக இருங்கள்.

## ஒரே பார்வையில்

| | குறும்பட்டியல் | பட்டியலுக்குள் பாதுகாப்பு | முன்பணம் கட்டிய இடம் | கலை அறிவியல் |
|---|---|---|---|---|
| கூடுதல் செலவு | இல்லை | இல்லை. நேரில் பார்க்கும் அலைச்சல் மட்டும் | மிக அதிகம் | மிகக் குறைவு |
| உறுதி | ரேங்க், சுற்றைப் பொறுத்தது | ரேங்க் சரியாகப் பார்த்தால் அதிகம் | முழு உறுதி | முழு உறுதி |
| முதல் பட்டதாரி, 7.5 விழுக்காடு சலுகை | உண்டு | உண்டு | இல்லை | பொறியியலுக்கான சலுகை பொருந்தாது. கட்டணமே குறைவு |
| விட்டு வெளியேறுவது | எளிது | எளிது, தேதிக்குள் முடிவு சொன்னால் | அலைச்சல், தொகை இழப்பு | மாற்றுச் சான்றிதழ் திரும்ப வாங்க வேண்டும் |
| யாருக்கு | சுற்றின் வால்பகுதியில் இருப்பவர், வேறு இடம் கையில் உள்ளவர் | பெரும்பாலானவர்களுக்கு | அதையே முதல் விருப்பமாகக் கொண்டு, கட்டவும் முடிந்தவருக்கு | அந்தப் பாடத்தில் மனமுள்ளவருக்கு |

இரண்டாவது வழியும் நான்காவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவர்களுக்குச் செலவும் குறைவு, தெம்பும் அதிகம். நீட் எழுதி மருத்துவக் கலந்தாய்வுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும், எம்.பி.பி.எஸ். ரேங்க் எல்லையில் ஊசலாடுகிறது என்றால், பொறியியல் பட்டியலில் ஒரு நல்ல பாதுகாப்பு இடத்தை எழுதிவைப்பதே மேல். கட்டணம் குறைந்த அரசு இடமாக இருந்தால், பின்னால் விட நேர்ந்தாலும் இழப்பு சிறிது.

## பாதுகாப்பு இடமே ஒதுக்கீடாக வந்துவிட்டால்

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் திரையில் சில தெரிவுகள் இருக்கும். ஏற்றுச் சேர்தல், ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்குக் காத்திருத்தல், மறுத்து மேல் விருப்பத்துக்கு மட்டும் காத்திருத்தல், மறுத்து அடுத்த சுற்றுக்குப் போதல், மறுத்துக் கலந்தாய்விலிருந்து விலகுதல்.

பாதுகாப்புக் கல்லூரி வந்த பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது தெரிவே பொருத்தம். கையில் இருப்பதும் போகாது, மேலே உள்ளவற்றில் யாராவது சேராமல் விட்டால் அதுவும் வரலாம். ஆனால் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. மேல் விருப்பம் கிடைத்துவிட்டால் பழைய இடம் அந்தக் கணமே போய்விடும். "பழையதே பரவாயில்லை" என்று திரும்ப முடியாது. அதனால் பட்டியலின் மேல்பகுதியிலும் வரிசை உங்கள் உண்மையான ஆசைப்படியே இருக்க வேண்டும். அடுத்தது, இந்தத் தெரிவைச் சொடுக்கினால் மட்டும் இடம் நிற்காது. குறித்த நாளுக்குள் கலந்தாய்வுக்கான உதவி மையத்துக்குப் போய்க் கட்டணம் செலுத்தியாக வேண்டும். ஏற்றுச் சேர்தலைத் தேர்ந்தவர்கள் நேரே கல்லூரிக்குப் போய்க் கட்ட வேண்டும். எந்த இடத்தில் எது என்று குழம்பி, கல்லூரி வாசலில் கடைசி நாளில் நிற்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். ஒதுக்கீட்டு ஆணையை அச்செடுத்து, அதில் உள்ள தேதியையும் இடத்தையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, பணத்தை இரண்டு நாள் முன்பே வங்கிக் கணக்கில் தயாராக வைத்திருங்கள். வங்கி விடுமுறை குறுக்கே வருகிறதா என்று காலண்டரையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.